நாற்றம் நின்ற குழி

தோல் பதனிடும் ஷெட்டில் ஒரு பழக்கம். கழிவுக் குழிக்குள் இறங்குமுன் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காத்திருப்பார்கள், நின்றுவிட்டால் இறங்குவார்கள். அந்த விஷ கேஸ் அதிகமானால் முதலில் மூக்குதான் மரத்துப்போகும் என்று, இங்கே நர்ஸாகச் சேர்ந்த எழுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். யார் கேட்டார்கள்?

அன்று காலை பைப் அடைப்பை எடுக்க வந்த காசி குழிவாயில் ஐந்து நிமிடம் முகத்தை வைத்திருந்தானாம். "நாத்தம் போய்டுச்சு" என்று இறங்கியவன், கடைசிப் படியில் சுருண்டு விழுந்தான். நான் ஓடிப்போனபோது அவனுடைய தோஸ்த் ஹயாத் பாஷா, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்திருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க சிஸ்டர். செத்துடுவான்."

"எறங்கினா நீயும்தான் சாவ. துண்டு இன்னா செய்யும்? அந்த கேஸ் நுரையீரலோட நிக்காது. உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு அடுப்பு இருக்கு. ரத்தம் கொண்டு வர்ற ஆக்சிஜனை வெச்சு அதுதான் சக்தி செய்யுது. கேஸ் போய் அந்த அடுப்பையே அடைச்சிடும். ஆக்சிஜன் இருந்தும் உடம்பு பட்டினி கிடக்கும். கொக்கிய எடு."

சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுக்கும் நீளக் கொக்கி அது. அதை வீசி மாட்டுவதில் ஹயாத்தை மிஞ்ச ஷெட்டில் ஆளில்லை. பெரிய மின்விசிறியைக் குழிப் பக்கம் திருப்பினோம். ஹயாத் மூச்சை அடக்கி இரண்டு முறை வீசினான், இரண்டும் தவறின. மூன்றாவது, காசியின் பெல்ட்டில் மாட்டியது. நாலு பேராக இழுத்துப் போட்டோம்.

நாடி இருந்தது, மூச்சு இல்லை. ஓடி வரும்போது எடுத்து வந்த மாஸ்க்கை அவன் முகத்தில் வைத்து ஆக்சிஜன் பையைப் பிழிந்தேன். இதயம் மட்டும் நிற்காமலிருந்தால் உடம்பே அந்த கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும். அடுப்புகள் மறுபடி எரியும். ஹயாத்தின் விரலைக் காசியின் கழுத்தில் வைத்தேன்.

"நாடி இருக்கா?"

"இருக்கு சிஸ்டர்."

பிழிந்தேன். "இருக்கா?"

"கம்மியா இருக்கு."

"இப்ப?"

அவன் விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினான். நான் பிழிவதை விடவில்லை.

"இருக்கு," என்றான் பிறகு.

எத்தனை நேரமோ தெரியாது. காசி இருமினான். தானாக ஒரு மூச்சு இழுத்தான், இன்னொன்று இழுத்தான். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

எங்களுக்குப் பின்னால் ஷெட் மேஸ்திரி குனிந்து குழியை மோந்து பார்த்தார்.

"இப்ப நாத்தம் இல்ல. பைப் அடைப்பை யாரு எடுக்குறது?"

ஹயாத் பாஷா எழுந்து போனான். மூடியை இழுத்துக் குழிமேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.