சதுப்புக்காட்டில் ஒடித்த கொப்பு

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நடராஜா பட்டப்பகலிலேயே பிடித்தான். இரத்தோட்டைக்கு மேலே இருந்த சதுப்புக்காட்டை அரசாங்கம் வேலி போட்டுக் காப்புக்காடாக்கி, சனங்கள் வந்து பார்க்கப் பலகைப் பாலமும் கட்டி, அவனைக் காவலுக்கு வைத்தது. காக்கிச் சட்டை ஏறியதிலிருந்து, சொந்தக்காரர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துப் பக்கம் அவன் தலைகாட்டவில்லை.

இராமசாமிக்கு வயிறு எரிந்தது. நடராஜா அவருடைய அக்காள் மகன். தன் மகள் நல்லம்மாவுக்கு இவன்தான் என்று பேசி வைத்து, தேடி வந்த வேறு இடங்களையெல்லாம் திருப்பி அனுப்பியாகிவிட்டது. இவனோ வாயே திறக்கவில்லை. இன்றைக்கு நாள் குறிக்காமல் திரும்புவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கோடு பஸ் ஏறினார்.

காட்டு வாசலை மிதித்ததும் கை பழக்கத்தில் எழுந்தது. ஒரு கொப்பை ஒடித்து, முதல் மரத்தின் கவட்டில் செருகிக் கும்பிட்டார். காட்டுச்சாமிக்குக் கொப்பு வைக்காமல் எந்தத் தோட்டத்து ஆள் காட்டுக்குள் போவான்? போனால் வழி தப்பிச் சேற்றில் அல்லவா கிடப்பான்!

கண்ணைத் திறப்பதற்குள் யாரோ கையைப் பிடித்து முறுக்கினார்கள். நடராஜா.

"போர்டு தெரியலையா? இலை கிள்ளினாலே குத்தம்!"

"அடேய், நான்டா, ஒன் மாமன்!"

"மாமனாவது மச்சானாவது! வன இலாகா பெரிய தொரை வர்ற நேரம். அவரு மனசு வச்சாத்தான் இந்த வேலை எனக்கு நெரந்தரம்."

சொல்லி வாய் மூடவில்லை, ஜீப் வந்து நின்றது. இறங்கிய துரை, யார் இவர் என்று சிங்களத்தில் கேட்டார். தெரியாது ஐயா, யாரோ லயத்துக் கிழவன், மரத்தை ஒடித்தான், பிடித்து வைத்திருக்கிறேன் என்று நடராஜாவும் சிங்களத்திலேயே சொன்னான். இராமசாமிக்கா சிங்களம் தெரியாது? காடு பார்க்க வந்த அத்தனை பேர் முன்னால் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. நல்லம்மாவிடம் போய் என்ன சொல்வது?

துரை கவட்டில் இருந்த கொப்பைப் பார்த்தார். பிறகு தாமும் ஒன்றை ஒடித்து அதன் பக்கத்தில் வைத்துக் கைகூப்பினார். நாலந்தாப் பக்கம் எங்கள் சிங்கள ஊரிலும் இப்படித்தான், அவரை விடு என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறி நடந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

நடராஜாவின் பிடி தளர்ந்தது. முகமெல்லாம் பல்லாக, "வாங்க மாமா, உள்ள சுத்திக் காட்டுறேன்" என்றான்.

"யாருக்கு யாருடா மாமன்? தொரை கும்பிட்டப்புறந்தான் ஒனக்கு என்னயத் தெரியுதோ?"

"கோவப்படாதீங்க. கலியாணம் பேசத்தானே வந்தீங்க? எனக்குச் சம்மதந்தான்."

இராமசாமி மடியை அவிழ்த்தார். சம்பந்தம் பேசக் கொண்டுவந்த வெற்றிலையில் பாக்கை வைத்து நிதானமாக மடித்து, அவன் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே தம் வாயில் போட்டு மென்றார்.

"எனக்குச் சம்மதமில்ல" என்றார்.

வேலிக்கு வெளியே போய்த் துப்பிவிட்டு, பஸ்ஸுக்குக் கை காட்டினார்.