பாதிக்குப் பாதி

கொழும்பில் டொக்டர் சொன்னதை வாப்பா நெய்னார் தனக்குத் தோதாக விளங்கிக்கொண்டார். பாலாவியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் கணக்கில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. மூத்தவள் பரீனாவுக்கு ஒன்றுமில்லை, இளையவள் அக்கீலாவுக்குப் பாதி வருத்தம்.

பரீனா இரத்தப் பரிசோதனைக் கடதாசியோடு பின்னால் நடந்தாள்.

வருத்தம் என்றது அவர்களுடைய தம்பி அஸ்ஜத்தின் நோயை. மீசை முளைத்த பிறகும் அவனுக்குப் பேச்சில்லை, சோற்றை ஊட்டிவிட வேண்டும். உம்மாவின் தம்பியும் மன்னாரில் இப்படியே இருந்து மௌத்தானவர். கலியாணப் பேச்சு வரத் தொடங்கியதும், பெண்பிள்ளைகளிலும் அது ஒளிந்திருக்குமோ என்று வீட்டில் எல்லோருடைய இரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்திருந்தார்கள்.

"பொம்பிளைக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு," என்றார் டொக்டர். "உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் ஒன்று வேலை செய்யும், மற்றது தூங்கும். உம்மாவிலும் பரீனாவிலும் பார்த்த இடமெல்லாம் ஒரே எக்ஸ்தான் தூங்குது. அக்கீலாவில் பாதிக்குப் பாதி."

வாப்பா அதோடு எழுந்து வெளியே போய்விட்டார். பாதி என்றால் பாதி வருத்தம், அவருக்கு அது போதும். மிச்சத்தைக் கேட்டவள் பரீனா. அப்படித் தூங்குவதுதான் பழுதான எக்ஸ். அது தூங்குவதால்தான் உம்மாவும் அவளும் சுகமாக இருக்கிறார்கள். அது ஒரு மகனுக்குப் போனால் அவனிடம் மாற்றுக்கு வேறு எக்ஸ் இல்லை. அக்கீலாவில் தேடியும் பழுதைக் காணவில்லை. பெரும்பாலான பெண்களில் இருப்பதுபோல அவளில் இரண்டும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

பஸ்ஸில் வழி முழுக்கப் பரீனா இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற அவளில் பழுது இருக்கிறதாம். மந்தம் என்று ஊரே பேர்வைத்த அக்கீலாவில் இல்லையாம். சொற்கள் விளங்கின, ஆட்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டில் கலியாணம் பேசும் றுக்கியா மாமி கதிரையில் காத்திருந்தாள். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஜபாருக்கு அக்கீலாவைக் கேட்டு வந்தவள், பதில் வாங்காமல் போகமாட்டாள்.

"இளையவள விடுங்க," என்றார் வாப்பா. "அவளுக்குப் பாதி இருக்காம். பிறகு எங்கள ஏசக்கூடா."

கதவுக்குப் பின்னால் அக்கீலா நின்றாள். கண்ணுக்குச் சுருமா மை போட்டிருந்தாள். பரீனா அதைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிடலாம். பரீனாவுக்கும் ஹஜ் பெருநாள் கழிந்து அஹமடோடு நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தது. றுக்கியா மாமியின் காதில் விழுவது மஹ்ரிப் தொழுகைக்கு முன் அவன் வீட்டுக்குப் போய்விடும்.

"வாப்பா, நீங்க மாறி விளங்கிட்டீங்க. அது என்னிலதான் இருக்கு. அக்கீலாட்ட ஒண்டுமில்ல."

வாப்பா சிரித்தார். "உனக்கென்ன மகள் விசரா? படிச்சுப் பாஸ் பண்ணின புள்ள நீ. உன்ட மூளைக்கு என்ன குறை?"

"என்னில அது தூங்குது வாப்பா."

"தூங்கினா இல்லாத மாதிரித்தானே."

"என்ட மகனுக்குப் போனா முழிக்கும்," என்றாள் பரீனா. "உம்மாட மகனில முழிச்ச மாதிரி."

சிரிப்பு நின்றது. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். றுக்கியா மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துப் பரீனாவையே பார்த்தாள்.

"அப்ப இளையவளுக்கு ஓமெண்டு சொல்லட்டா?"

"ஓமெண்டு சொல்லுங்க," என்றாள் உம்மா.

பரீனா குசினிக்குப் போனபோது அக்கீலா அஸ்ஜத்துக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மெய்யாவே எனக்கு ஒண்டுமில்லையா ராத்தா?"

"ஒண்டுமில்ல."

அக்கீலா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். சந்தோசப்படுவதா, என்ன செய்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "அப்ப எனக்கு ஏன் கணக்கு வரல்ல?"

ஏன் என்று பரீனாவுக்குத் தெரியும். உம்மா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகத் தொடங்கியபோது அஸ்ஜத்தோடு ஒரு ஆள் நிற்க வேண்டியிருந்தது. படிக்கிறவள் படிக்கட்டும் என்று வாப்பா அக்கீலாவைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்தார். அதற்குப் பிறகுதான் அவள் மந்தமானாள்.

"நான் தீத்துறன், தா," என்று பரீனா சோற்றுப் பீங்கானை வாங்கி, ஒரு பிடி உருட்டி அஸ்ஜத்தின் வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் அந்தக் கையை அறியான். உதட்டை இறுக மூடிக்கொண்டு அக்கீலாவின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.