பதினொன்றிலிருந்து ஒன்று வரை

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் பகுதிச் சிறுவணிகர் சங்கம் ஆண்டு விழா மலர் போடுகிறது. தட்டச்சும் பக்க வடிவமைப்பும் என் கடையில்தான். காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சங்கத் தலைவர் சிவராஜ், ஹார்டுவேர் கடைக்காரர், விளம்பரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது இரண்டு பக்கம் காலியாக இருந்தது.

“தம்பி, நீ மெட்ராஸ்ல கம்பெனியில இருந்தவன். டைம் மேனேஜ்மென்ட் பத்தி அஞ்சு டிப்ஸ் போட்டு நெரப்பிவிட்டுரு. கீழ எடம் மிஞ்சுனா ஒரு ரோஜாப்பூ படம் வச்சுரு.”

கம்பெனியில் எனக்கு இரவு வேலை. இருக்கையை விட்டு எழுந்தால் திரையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். கழிவறைக்குப் போய்வரும் வரை ஓடும். அதை நான் பார்ப்பதற்காக வைக்கவில்லை. மேலாளர் பார்ப்பதற்காக. பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். நேரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, இன்னொருவன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் நம்முடையது இல்லை என்பது மட்டும்தான். இதை வைத்து ஐந்து டிப்ஸ் எழுத முடியாது.

அதனால் பக்கத்துக் கடையைப் பற்றி எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: “சுமையா கத்திரியைக் கையில் எடுத்தபோது வானம்—”

(ஆதார் நகல் எடுக்க ஒருவர் வந்தார். இரண்டு பக்கமும் ஒரே தாளில் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வானம் என்ன செய்தது என்று மறந்துவிட்டது. போகட்டும். அவள் கடைக்குள்ளிருந்து வானம் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: “ஒரு பெண் தன் சொந்தக் காலில் நிற்பது என்பது—”

(நானே அடித்துவிட்டேன். சிவராஜ் அண்ணன் மேடையில் பேசுவதைப் போல இருக்கிறது.)

மூன்றாவதை அப்படியே விடுகிறேன். சுமையா தையல்கடை வைத்திருக்கிறாள். பெரும்பாலும் கல்யாண ரவிக்கைகள். ஒரே அறையைத் தடுத்து இரண்டு கடையாக்கி எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் பலகை. அவளுடைய மெஷின் ஓடுவதும் நிற்பதும் எனக்குக் கேட்கும். அவள் கணவன் அன்வர் சாதிக் குவைத்தில் ஒரு கிடங்கு வாசலில் இரவுக் காவல் பார்க்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டு நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்திருப்பாள் என்பதால் அவன் குரலும் கேட்கும்.

3

தையலில் வெட்டுவதுதான் வேலை. தைத்ததைப் பிரித்துவிடலாம். வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது. (இது கிட்டத்தட்ட ஒரு டிப்ஸ். அண்ணன் கேட்டதில் ஒன்று ஆயிற்று.)

வெட்டுவதற்கு நல்ல வெளிச்சமும் ஆளில்லாத கடையும் வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்குச் சோறாக்கி வைத்துவிட்டு அவள் கடை திறக்கும்போது பத்தைத் தாண்டிவிடும். மதியத்துக்கு மேல் வாடிக்கைக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். நடுவில் கிடைப்பது பதினொன்றிலிருந்து ஒன்று வரை. குவைத்தில் அன்வர் டூட்டி முடிந்து அறைக்கு வரும் நேரமும் அதுதான்.

அவர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அளவு நோட்டின் பக்கங்களை அவள் படம் எடுத்து அனுப்பிவிடுவாள். அவன் படுத்துக்கொண்டே ஒவ்வொரு அளவாக வாசிப்பான். அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே சாக்குக்கட்டியால் கோடு போடுவாள். தோள் பதினாலு. பதினாலு. கைநீளம் எட்டரை. எட்டரை. இடையில் சாப்பிட்டாச்சா, பிள்ளைக்கு இருமல் எப்படி இருக்கு என்று ஏதாவது வரும். பிறகு மறுபடி எண்கள். அவர்கள் குடும்பம் நடத்தியது இந்த இரண்டு மணி நேரத்தில்தான்.*

* இது நானாகச் சொல்வது. கேட்டது எண்கள் மட்டும்தான்.

4

கண்டனூரில் ஒரு கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற பெரிய வீடு. மணப்பெண்ணின் ரவிக்கைத் துணி பட்டுச் சேலையோடு சேர்த்து நெய்தது. அதே துணி இன்னொரு துண்டு கிடைக்காது.

அன்வர் வாசித்துக்கொண்டிருந்தான். பாதியில் அவனுடைய சூப்பர்வைசர் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அது விட்ட இடம் இல்லை. படம் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. அங்கே இருந்தது ஒல்லியான வேறொரு பெண்ணின் அளவு. சுமையா திருப்பிச் சொன்னாள், கோடு போட்டாள், வெட்டினாள். ஒரு கணத்தில் கத்திரி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

(கத்திரி விழுந்ததை நான் சேர்த்தேன். உண்மையில் எந்தச் சத்தமும் இல்லை. அன்றைக்கு மெஷின் ஓடவில்லை, அவ்வளவுதான்.)

மணப்பெண்ணின் தாயார் அழகம்மாள் ஆச்சி வந்தார். துணியைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்படி ஆயிற்று என்று மட்டும் கேட்டார். தன் கவனக்குறைவு என்றாள் சுமையா. வேறு எதைச் சொல்ல முடியும்? உங்கள் மகளின் உடம்பளவை எங்கோ படுத்திருக்கும் ஒரு ஆண் சத்தமாக வாசித்தான் என்றா? சொல்லியிருந்தால் அன்றைக்கே கடையை மூடியிருக்க வேண்டும். ஆச்சி துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டுப் பங்காளிகள் யாரும் அதற்குப் பிறகு இந்தச் சந்துப் பக்கம் வரவில்லை.

மறுநாள் பலகை வழியாகக் கேட்டது:

“அளவெல்லாம் இனிமே நானே பாத்துக்கிறேன் மச்சான். பதினொண்ணுலேருந்து ஒண்ணு வரைக்கும் போனை அமத்திப்புடுவேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து அன்வர் கேட்டான்:

“அப்ப நான்?”

“நீங்க தூங்குங்க.”

அன்றிலிருந்து அந்த நேரத்தில் அவள் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே மேசைப் பலகையில் கத்திரி நகரும் சத்தம் தவிர ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு அவள் ஒரு துணியைக் கூடத் தப்பாக வெட்டவில்லை.

5

அன்வரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலில் அவனை வில்லனாக எழுதினேன். போனில் மனைவியைக் கண்காணிக்கும் கணவன். எழுத எளிது, படிப்பவர்களுக்கும் பிடிக்கும். இரண்டு பக்கம் ஓடியது. பிறகு அழித்தேன். இரவு வேலை முடிந்து திரும்பும் அந்த நேரம் எனக்குத் தெரியும். ஊரே குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னலை அடைத்துவிட்டுப் படுக்க வேண்டும். கண் எரியும், தூக்கம் வராது. யாராவது எதையாவது பேசிக்கொண்டிருந்தால் வரும். இன்னொருவர் ஜாக்கெட் அளவாக இருந்தாலும் போதும். எனக்கு அப்படி யாரும் இல்லை, வேலையை விட்டேன். அவனுக்கு ஒருத்தி இருந்தாள். அவளும் போனை அணைத்துவிட்டாள். தப்பு அவனுடையது என்று அவனுக்கே தெரியும் என்பதால் மறுத்துப் பேசவும் வாயில்லை.

சரி, பாவம் என்று எழுதினேன். அதையும் அழிக்க வேண்டி வந்தது.

ஏனென்றால் சுமையா போனை அணைத்துவிடுவதை அவன் தன் அம்மா ஜாஹிதாவிடம் சொன்னான். அவர் பதினொன்றரைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து ஷட்டரைத் தட்டத் தொடங்கினார். ஒருநாள் தூக்கு, ஒருநாள் மின்சாரக் கட்டணச் சந்தேகம், ஒருநாள் முழங்கால் வலி. அதோடு நிற்கவில்லை. என் கடைப் பெயர்ப்பலகையில் இருக்கும் எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது.

“அண்ணே, நான் சுமையா வீட்டுக்காரர் பேசுறேன். கடை தொறந்திருக்காண்ணே?”

ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது என்றேன்.

“உள்ள யாரு இருக்கா?”

போனை வைத்துவிட்டேன். என் பழைய மேலாளரும் இதே குரலில், இதே மரியாதையோடுதான் கேட்பார்.

ஆகவே அன்வர் வில்லனும் இல்லை, பாவமும் இல்லை. (அல்லது இரண்டும். நேரம் கிடைத்தால் இந்தப் பகுதியைத் திருத்தி எழுத வேண்டும்—)

(கிடைக்கவில்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு குடும்பமே வந்துவிட்டது.)

6

பிள்ளையின் சான்றிதழை நகலெடுக்கச் சுமையா வந்தாள். திரையில் இந்தக் கதை திறந்திருந்தது. மறைக்கப் போனேன். அதற்குள் தன் பெயரைப் பார்த்துவிட்டாள். நின்றபடியே படித்தாள். நான் நகலெடுத்துக்கொண்டிருந்தேன், தேவைக்கு மேல் நிதானமாக.

“கத்திரி கீழ விழுந்துச்சுன்னு போட்டிருக்கீக.”

கதைக்காகப் போட்டது, அடுத்த வரியிலேயே இல்லையென்று சொல்லிவிட்டேன் என்றேன்.

“கத்திரி விழுந்தா முனை போயிரும்ணே. அதைக் கீழ போடுற ஆளா நானு?”

கீழே நகர்த்திக்கொண்டே போனாள். கடைசியில் அப்போது ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். கணவனின் அழைப்பை எடுக்காமல், மெஷின் மேல் தலை சாய்த்து அவள் அழுவதாக.

“இங்கன அழுறேனே. நான் எப்ப அழுதேன்?”

படிப்பவர்களுக்கு ஏதாவது வேண்டும் இல்லையா என்று ஏதோ இழுத்தேன்.

“படிக்கிறவுகளுக்கு அழுகை வேணும். மாமிக்கு எட்டிப் பாக்கணும். மச்சானுக்குப் பேசணும். ரெண்டு மணி நேரம் எனக்குன்னு வச்சேன். நீங்க பலகைக்கு அங்குட்டு உக்காந்து அதையும் கேட்டு எழுதிக்கிட்டு இருந்திருக்கீக.”

குரலை உயர்த்தவில்லை. நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த முடிவை அவள் கண் முன்னால் அழித்தேன். அது போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

“மச்சான் வர்றாக. குவைத்து வேலையை ஒரேயடியா முடிச்சுக்கிட்டு வர்றாகளாம். இனிமே கடையில கூடவே உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிறாகளாம். அதையும் எழுதிக்கங்க.”

நல்லதுதானே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“ஆம்பளை உக்காந்திருக்குற கடைக்கு ரவிக்கை அளவு குடுக்க எவண்ணே வருவா?”

என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். நாளைக்கு வெட்ட வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது என்றாள்.

7

அழித்ததற்குப் பதிலாகச் சில முடிவுகள்.

அ) அன்வர் வருகிறான். அவள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிறான். புரிந்துகொண்டு, கடையில் உட்காரக் கொண்டுவந்த நாற்காலியை வீட்டுக்கே எடுத்துப் போய்விடுகிறான். சங்க மலருக்கு ஏற்ற முடிவு. சிவராஜ் அண்ணன் தன் படத்துக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்வார்.

ஆ) கடையை மூடுகிறாள். பலகையை எடுத்துவிட்டு அந்தப் பாதியையும் நான் வாடகைக்கு எடுத்து லேமினேஷன் மெஷின் போடுகிறேன். இந்த வரியை எழுதும்போதே மெஷினை எந்த மூலையில் வைக்கலாம் என்று யோசித்துவிட்டேன். ஆகவே இந்த முடிவை எழுதும் தகுதி எனக்கு இல்லை.

இ) அவன் எதிரில் உட்கார்ந்து மறுபடியும் அளவு வாசிக்கிறான். அவள் திருப்பிச் சொல்கிறாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

ஈ) அவள்—

(என்னால் யோசிக்க முடியவில்லை. அவள் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் கேட்டும் தெரியாது.)

8

இன்று காலை அன்வர் திருச்சியில் வந்து இறங்கியிருக்கிறான். பன்னிரண்டு மணி வாக்கில் சந்துக்குள் ஒரு ஆட்டோ வந்தது. குரலை வைத்து நான் எழுதியிருந்த ஆளைவிட அவன் சிறியவன். இஸ்திரி போட்ட சட்டை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆட்டோவிலிருந்து புதிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இறக்கினான். விலைச்சீட்டு கூடப் பிரிக்கவில்லை. ஷட்டருக்கு முன்னால் அதைப் போட்டான். ஆனால் உட்காரவில்லை.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கத்திரி போய்க்கொண்டிருந்தது. அவனும் அதைக் கேட்டான். முன்பெல்லாம் போன் வழியாகக் கேட்ட சத்தம்தானே. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு குனிந்து ஷட்டரின் அடியில் கையை வைத்தான்.

“சுமையா.”

மெதுவாகத்தான் கூப்பிட்டான். கத்திரி நிற்கவில்லை.

இரண்டாம் முறை கூப்பிட வாயைத் திறந்தான். “அண்ணே, இது கலர்ல வருமா?” என்று ஒரு கல்லூரிப் பெண் என் மேசையில் ப்ராஜெக்ட் தாள்களைப் போட்டாள். இன்றே கடைசி நாளாம். வராது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாடகை கொடுக்க வேண்டுமே. மெஷினைப் போட்டேன். தாள் சிக்கியது. மூடியைத் திறந்து இழுத்து, மறுபடி போட்டு, அது தடதடவென்று ஓடத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தேன்.

அவனைக் காணோம். நாற்காலியும் இல்லை. ஷட்டர் முன்பு இருந்த உயரத்திலேயே இருந்தது.

குனிந்து உள்ளே போய் நாற்காலியையும் இழுத்துக்கொண்டானா, எடுத்துக்கொண்டு திரும்பிப் போனானா தெரியாது. சந்தின் முனை வரை பார்த்தேன். ஆட்டோ இல்லை. அது அவனை இறக்கிவிட்டதும் போயிருக்கலாம், அவனை ஏற்றிக்கொண்டும் போயிருக்கலாம். என் மெஷின் சத்தத்தில் பக்கத்தில் கத்திரி போகிறதா பேச்சு நடக்கிறதா என்று கேட்கவில்லை. இத்தனை நாள் இந்த முடிவுக்காகக் காத்திருந்தவன், ஒரு கலர் பிரின்டுக்காக அதைத் தவறவிட்டேன்.

மெஷினை நிறுத்திவிட்டுப் பலகையில் காதை வைத்தால் தெரிந்துவிடும். வைக்கவில்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அன்று அவள் சொன்னது இன்னும் உறைக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெண் இன்னொரு பிரதி கேட்டாள். வேண்டுமென்றே மெதுவான வேகத்தில் போட்டேன், சத்தம் நீளட்டும் என்று.

சிவராஜ் அண்ணன் போன் செய்தார். மலர் அச்சுக்குப் போக வேண்டுமாம், ரெண்டு பக்கமும் முடிந்ததா என்றார். முடியவில்லை என்றேன். எதை வேண்டுமானாலும் போட்டு முடி என்றார்.

நான் முடிக்கப் போவதில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நீங்களே நேரில் வந்து அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செக்காலை ரோட்டில் யாரிடம் கேட்டாலும் சந்தைக் காட்டுவார்கள்.

ஒரு மணிக்கு மேல் வாருங்கள்.