கையால் வைத்த பதினாறு

என் மேசைக்கு மேலே நானே எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது: ‘கன்சோலில் கை வைத்தால் கை இருக்காது.’ சுரபாயாவில் கப்பல் டிக்கெட் விற்கும் எங்கள் கம்பெனியில் சர்வர் வேலைக்கு நான்தான் மூத்தவன். இந்தக் குனாடி என்றாலே ஒழுங்கு என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை நினைத்தால் இப்போது எனக்கே கூசுகிறது.

அந்த ஒழுங்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. எங்கள் மென்பொருள்கள் கன்டெய்னர்களில் அடைபட்டு ஓடுகின்றன. துறைமுகத்துக் கன்டெய்னர் இல்லை, இவற்றின் மேல் உப்புக்காற்று படாது. அவற்றைச் சுமக்கும் சர்வர்களைக் கிளவுட் கம்பெனியே பராமரிக்கிறது. எத்தனை சர்வர், ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெமரி என்று நாங்கள் நிரலில் எழுதி ஓட்டினால் அப்படியே அமையும். அந்தக் கம்பெனி தரும் கன்சோல் திரைக்குள் போய் யாராவது கையால் எதையாவது மாற்றினால், அடுத்த முறை நிரல் ஓடும்போது அது அழிந்து பழையபடி ஆகிவிடும். அதனால்தான் அந்தத் தாள்.

பெருநாளுக்கு ஊர் போகிறவர்களுக்கான டிக்கெட் விற்பனைக்கு மூன்று நாள் முன்பு ஒத்திகை பார்த்தோம். எட்டு ஜிபி மெமரியில் கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. பதினாறு வேண்டும். நிரலில் எண்ணை மாற்றி, இன்னொருவர் படித்துச் சரி சொல்லி, பிறகு ஓட்ட அரை மணி நேரமாகும். நோன்பு திறக்கவோ பத்தே நிமிடம். கீழே கோலாக் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கன்சோலைத் திறந்து எட்டை அழித்துப் பதினாறு போட்டுவிட்டு ஓடினேன். தேங்காய்ப்பாலில் வெந்த இரண்டு துண்டு வாழைப்பழத்துக்காக! நிரலில் நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தவன், மறுநாள் அடியோடு மறந்துபோனேன்.

விற்பனை நாள் காலை பிரத்திவி என் மேசைக்கு வந்தாள். என்னை ‘மஸ்’, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் குழுவில் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. மாத முடிவில் ஒப்பந்தம் முடிகிறது, அதன் பிறகு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. நெரிசலுக்கு எச்சரிக்கை மணி ஒன்றை நிரலில் சேர்த்திருந்தாள். ஓட்டுவதற்கு முன் என்னென்ன மாறும் என்ற பட்டியலை எடுத்துப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“மஸ், பதினாறு எட்டாகும்னு ஒரு வரி காட்டுது. அதை நான் தொடவே இல்ல. ஓட்டலாமா?”

நான் கைபேசியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. “ஓட்டு, ஓட்டு” என்று கையசைத்தேன்.

பத்து மணிக்கு விற்பனை திறந்தது. பத்து மூன்றுக்கு எல்லாம் படுத்துவிட்டது. நாற்பது நிமிடம் மகஸ்ஸாருக்கும் பஞ்சர்மாசினுக்கும் போக வேண்டியவர்கள் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துத் திட்டினார்கள். காரணம் முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுபடியும் கன்சோலில் கையாலேயே பதினாறு போட்டு, ஒவ்வொன்றாக எழுப்பி முடிக்க அவ்வளவு நேரமானது.

மதியக் கூட்டத்தில் தலைவர் பாக் ஹந்தோக்கோ, கடைசியாக நிரலை ஓட்டியது யார் என்று கேட்டார். பிரத்திவி கையைத் தூக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

“ஓட்டுறதுக்கு முன்னாடி என்ன மாறுதுன்னு படிக்கணும். எத்தனை தடவைதான் சொல்றது?” என்றேன்.

மூத்தவனைச் சபையில் மறுத்துப் பேச எங்கள் ஜாவாக்காரப் பிள்ளைகளுக்கு நா எழாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினேன்.

நடந்ததற்கு அறிக்கை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ‘பட்டியலைச் சரிபார்க்காமல் நிரல் ஓட்டப்பட்டது’ என்று எழுதி, காரணமானவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். கன்சோலில் யார் எதைத் தொட்டார் என்ற பதிவில் என் பெயர் இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவனும் நானே, யார் கேட்கப்போகிறார்கள்? நிரலை ஓட்டும் உரிமையை அவளிடமிருந்து பறித்தார்கள். ஒப்பந்தத்தைப் பற்றிப் பெருநாள் கழித்து யோசிக்கலாம் என்றார் பாக் ஹந்தோக்கோ.

பெருநாளுக்குச் சொந்த ஊரான கெதிரிக்குப் போனேன். அம்மா தேங்காய்ப்பாலில் வைத்த கோழி ஓப்போரைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

திரும்பிய முதல் நாள் அலுவலகத்தில் வழக்கம்போல் எல்லோரும் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, ‘உள்ளும் புறமும் மன்னித்துவிடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டே நகர வேண்டும். ஒரே வாசகம், ஐம்பது கைகள். என்ன தப்பு என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. அதை நம்பித்தான் நானும் நின்றேன். பிரத்திவியின் கையைப் பிடித்து, பார்வையைத் தரையில் வைத்து, வாசகத்தைச் சொன்னேன்.

அவள் கையை விடவில்லை.

“எதுக்கு, மஸ்?”

பொதுவாக எல்லாவற்றுக்கும்தான் என்று முணுமுணுத்தேன்.

“பொதுவா வேணாம். எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க.”

எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. அவளுக்கு அடுத்து நின்ற பாக் ஹந்தோக்கோ திரும்பிப் பார்த்தார்.

“பதினாறு போட்டது நான். கையால போட்டேன். நீ வந்து கேட்டப்ப பாக்காமலே ஓட்டச் சொன்னதும் நான்தான். அறிக்கை பொய்.”

“தெரியும். அன்னைக்கே பதிவைப் பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன், பதினாறு நாளா.” கையை விட்டாள். “மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வரல, மஸ். பின்னாடி ஆள் நிக்குது, நகருங்க.”

அடுத்த கை பாக் ஹந்தோக்கோவுடையது. அவர் அதை நீட்டவில்லை. அறிக்கையைத் திருத்தி இன்றைக்கே அனுப்பச் சொன்னார். அவள் உரிமை அந்த நிமிடமே அவளுக்குத் திரும்பட்டும், அவளை நிரந்தரமாக்குவதில் இனி யோசிக்க ஒன்றுமில்லை என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மேசைக்குப் போய் முதலில் அந்தத் தாளைக் கிழித்தேன். அறிக்கையில் அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு நிரலைத் திறந்து, எட்டை அழித்துப் பதினாறு என்று எழுதி, படித்துச் சரி சொல்லும்படி அவளுக்கே அனுப்பினேன். மாறியது ஒரே ஒரு எண். அவள் நாற்பது நிமிடம் கழித்துப் பதில் போட்டாள்.

‘எல்லா வரியும் படிச்சேன். ஓட்டலாம்.’

அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.