இரண்டு மடிப்பு

"கோர்ட்ல என்கூட நிப்பியா?" என்று என் கணவர் கேட்டபோது அவர் இன்னும் கணவர் ஆகியிருக்கவில்லை. சட்டக்கல்லூரி நூலகத்தில் மின்விசிறி ஓடாமல் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"கூடவா, பின்னாடியா?" என்றேன்.

"முதல்ல பின்னாடி. அப்புறம் பக்கத்துல."

அந்த அப்புறம் வராமலே எட்டு வருடம் ஓடிவிட்டது. இன்று காலை அவருக்குக் கழுத்துப்பட்டையைக் கட்டிவிடும்போதுகூடக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, சீட்டுகளை எடுத்து வைத்தாயா என்றார். எடுத்துத்தான் வைத்திருந்தேன்.

எங்கள் தொழில் நடப்பதே அந்த மஞ்சள் சீட்டுகளில்தான். நான் எழுதிப் பின்னாலிருந்து நீட்டுவேன், அவர் வாதாடுவார். ஒரு மடிப்பு என்றால் இதைச் சொல்லுங்கள். இரண்டு மடிப்பு என்றால் போதும், நிறுத்துங்கள். வீட்டில் எட்டிப் பார்க்காத பணிவு அவருக்கு அந்த இரண்டு மடிப்பைக் கண்டால் வந்துவிடும்.

இன்றைய வழக்கு ஒரு நர்ஸுடையது. அவளுடைய பதினோரு வருட அரசு வேலை ஒரே கடிதத்தில் போய்விட்டது. அவள் தரப்பை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்கிறது வேலைநீக்கச் சட்டம். அந்தச் சட்டமே செல்லாது என்பது எங்கள் வாதம்.

மூன்று நீதிபதிகள். நர்ஸ் என் அருகில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இரண்டு சீட்டுகள் போனதும் அவள் என் காதருகே குனிந்தாள்.

"சார் வாயைத்தான் அசைக்கிறாரு. பேசுறது நீங்கதானே வக்கீலம்மா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த சீட்டை எடுத்தேன்.

நடுவிலிருந்த நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சட்டப்படி இல்லாம வேலையைப் பறிக்கக் கூடாதுன்னுதான் அரசியலமைப்பு சொல்லுது. இங்க சட்டப்படிதானே பறிச்சிருக்காங்க? விசாரிச்ச பிறகுதான் பறிக்கணும்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நீதிபதி சொன்ன பிரிவுக்கு முந்தைய பிரிவு எல்லோரும் சமம் என்கிறது. அடுத்த பிரிவு மனிதரின் கண்ணியத்தைக் காக்கச் சொல்கிறது. மூன்றையும் பூட்டிய மூன்று அறைகளாகப் படித்தால் நர்ஸுக்கு இடமில்லை. ஒரே வீடாகப் படித்தால், நியாயமற்ற சட்டத்தைக் காட்டி யாரையும் வெளியே தள்ள முடியாது. இரண்டு மாதமாகக் குக்கர் விசிலுக்கு நடுவே நான் யோசித்து யோசித்துக் கண்டது இது. 'பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்' என்று எழுதி, ஒரு மடிப்பு மடித்துக் கொடுத்தேன்.

கணவர் அதை அப்படியே சொன்னார்.

எதோடு எதை, ஏன் என்று கேட்டார் நீதிபதி.

கணவர் பழைய தீர்ப்பொன்றை எடுத்தார். அது நிலத் தகராறு என்று நீதிபதி மடக்கினார். வேறொன்றும் இல்லையென்றால் எதிர்த்தரப்பைக் கேட்கலாமா என்றார். கணவரின் இடது கை பின்னால் நீண்டு துழாவியது. நர்ஸ் என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு சொல் எழுதி அடித்தேன். இன்னொரு சீட்டு, அதையும் அடித்தேன். கை காத்திருந்தது. வெற்றுச் சீட்டொன்றை மடித்து, மறுபடியும் மடித்து, அந்தக் கையில் வைத்தேன்.

அவர் பாதி வாக்கியத்தில் நின்று திரும்பினார். நான் எழுந்திருந்தேன்.

"இது சீட்டுல அடங்காதுங்க" என்றேன். மூன்று நீதிபதிகளுக்கும் கேட்டிருக்கும். "நான் பேசட்டுமா?"