எமீலின் ஏப்ரன்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஞாயிற்றுச் சந்தையில் நான் பார்த்த ஒரு வெள்ளைத் தோல் ஏப்ரன். ஓரத்தில் நீலப் பட்டு. நடுவில் கவராயமும் மூலைமட்டமும் சேர்ந்த சின்னம்.

"சமையக்காரரு துணி சார். எண்ணெ பட்டாலும் ஒண்ணும் ஆவாது," என்றார் கடைக்காரர்.

ஃபிரீமேசன் சங்கத்து ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூடும்போது கட்டிக்கொள்வது அது. தெரிந்தும் நான் சொல்லவில்லை. அவருடைய தப்பு எனக்குத் தேவைப்பட்டது.

2

ரெட்டியார்பாளையத்தில் அன்று மழை பெய்து

(வேண்டாம். சாவு வீட்டுக்கு மழை எதற்கு?)

ஜொசியானின் கணவர் எமீல், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் செத்துப்போனார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பூட்டிய சூட்கேசோடு உப்பளம் பேட்டைக்குப் போவார். எதற்கு என்று கேட்டால் பதில் வராது. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றே ஜொசியான் நம்பி வந்தாள். இன்று கோட்டுப் பையில் சாவி கிடைத்தது. திறந்தாள். ஏப்ரன்.

வீட்டில் ஒரு காபி போட்டதில்லை. உப்பளத்துக்காரிக்குச் சமைத்தே போட்டிருக்கிறார்.

(இந்த இடத்தில் ஜொசியானை அழவைத்துப் பார்த்தேன். மறுத்துவிட்டாள்.)

கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் சேர்த்து வாங்கிய குழி இருந்தது.

"அங்க வேணாம். தனியா எங்கயாவது போடு," என்றாள் மகன் ஒலிவியேயிடம்.

"மாமோன், என்னா பேசற நீ?"

3

எமீலின் சிநேகிதர் சூசைநாதன் மாலையோடு வந்தார். ஜொசியான் ஏப்ரனை அவர் முன்னால் போட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"உப்பளத்துக்காரி. இதக் கட்டிக்கினு யாருக்கு வடிச்சிக் கொட்டினாரு?"

சூசைநாதன் விழித்தார். பிறகு சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டார்.

"மதாம், இதக் கட்டிக்கினு சோறு வடிச்சா சங்கத்த விட்டே தொரத்திடுவாங்க. எங்கிட்டயும் ஒண்ணு இருக்குது. அங்க பொம்பளையே கெடையாது. பாதிப் பேருக்குப் பல்லும் கெடையாது."

"என்னாதான் பண்ணுவீங்க?"

"நிப்போம். உக்காருவோம். எமீலு சுத்தியால மேசயத் தட்டுவாரு. அப்புறம் சாப்புடுவோம்."

"யாரு சமைக்கிறது?"

"ஓட்டல்லேருந்து வரும்."

ஜொசியானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இத எங்கிட்ட சொன்னா என்னாவாம்?"

"வெளிய சொல்ல மாட்டோம்னு சத்தியம், மதாம்."

அவள் மகனைக் கூப்பிட்டாள். "அந்தக் குழியிலயே போடு. பின்னால நான் வந்து கேட்டுக்கறேன்."

4

ஏப்ரனைச் சவப்பெட்டிக்குள் வைப்பது அவர்கள் வழக்கம் என்கிறார் சூசைநாதன். திருச்சபைக்கு இந்தச் சங்கம் ஆகாது, பாதிரியார் பார்த்தால் வம்பு. கோட்டுக்கு அடியில் வைக்கலாம். இல்லாவிட்டால் ஜொசியானே அதைக் கட்டிக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போடலாம். அதுவும் இல்லாவிட்டால் ஒலிவியே அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்

(இதை எழுத மாட்டேன்.)

ஏப்ரனை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். குழியை மட்டும் மாற்றாதீர்கள். அதை ஜொசியான் முடிவு செய்துவிட்டாள்.