வேலியோரத்து அத்தி

மரம் அறுக்கும் மெஷின் திடீரென்று அலறிய அலறலில், பெரியவளின் கையிலிருந்த தம்ளர் நழுவி, பாதிக் காபி தரைக்குப் போனது.

"சத்தம் வேலிப் பக்கமிருந்தா வருது?"

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் ஓரகத்தி அத்தி மரத்தை அறுக்கறா போல. மூணு வருஷமா நீ கேட்ட வரம்தானே?"

பெரியவள் செருப்பைக்கூடத் தேடவில்லை. காபிச் செடிகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டுவிட்டாள்.

அண்ணனும் தம்பியும் தோட்டத்தைப் பிரித்துக்கொண்டபோது, அத்தி மரம் தம்பி பெண்டாட்டியான சின்னவள் பக்கம் நின்றது. கிளைகள் மட்டும் வேலி தாண்டிப் பெரியவள் பக்கம் படர்ந்திருந்தன. வெயில் பட்டால் காபிச் செடியில் காய் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெரியவள் தன் பக்கத்து நிழல் மரங்களையெல்லாம் சாய்த்தாள். முதல் வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. அந்த மிதப்பில், "உன் அத்தியையும் வெட்டு" என்றாள். "உயிரே போனாலும் மாட்டேன்" என்றாள் சின்னவள். அன்றோடு பேச்சு நின்றது.

அப்புறம்தான் வந்தது வினை. மழை வர வேண்டிய மாதத்தில் வரவில்லை. வெயிலோ வருஷத்துக்கு வருஷம் ஏறியது. இந்தக் கோடையில் இலைகள் கருகிச் சுருண்டன. மிளகளவு பிஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பச்சை மாறாமல் தப்பியவை அத்தி நிழலில் நின்ற செடிகள் மட்டும்தான். இதை அவள் கணவரிடம்கூட வாய் திறந்து சொல்லவில்லை. ஒருமுறை அவர், "நிழலோட அருமை..." என்று ஆரம்பித்ததற்கே, "வாயை மூடுங்க" என்று எரிந்து விழுந்தாள்.

"நிறுத்துடி!"

மரத்தடியில் மெஷினைப் பிடித்து நின்ற சின்னவள் திரும்பினாள். சத்தம் அடங்கியது.

"யாரு? என்கிட்டயா பேசறீங்க?"

"பின்னே, மரத்துக்கிட்டயா பேசறேன்?"

"நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?"

"முடியைக் குட்டையா வெட்டாதேன்னும்தான் சொன்னேன், கேட்டியா? இதை மட்டும் எதுக்குடி கேக்கறே?"

பெரியவள் அடிமரத்தைத் தடவிப் பார்த்தாள். பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. நல்லவேளை, ஆரம்பிப்பதற்குள் வந்துவிட்டோம். மூச்சு வாங்க மரத்தில் சாய்ந்தாள். பிறகு குரல் தானாக இறங்கியது.

"இது போச்சுன்னா எனக்கு ஒரு கொத்துக் காய் மிஞ்சாது. இருந்த மரத்தையெல்லாம் நானே வெட்டித் தொலைச்சேன். புத்தி கெட்டவ."

சின்னவள் சிரிக்கவில்லை. "தினமும் சாயங்காலம் இங்க வந்து, ஒவ்வொரு காயா தொட்டுப் பாத்துட்டுப் போறீங்களேக்கா. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பாத்தவ ஒரு வார்த்தை பேசினா என்ன?"

"பேசினா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவீங்க."

"சரி, எனக்கு நிழல் மரக் கன்னு வேணும். எங்க கிடைக்கும்?"

"எங்க வீட்டுப் பின்னால, பையில வளத்து வச்சிருக்கேன்."

"அத்தனை மரம் இருக்கற உனக்குக் கன்னு எதுக்குடி?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருத்தி இருக்கா. வீம்புக்காரி. என்னைக்காவது வந்து கேப்பான்னுதான்."

பெரியவள் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அதற்குள் பெண்டாட்டியின் செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு கணவர் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். கீழே கிடந்த மெஷினைக் குனிந்து பார்த்தவர், நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா இது? அறுக்கற செயினே மாட்டலையே?"

"அறுக்கறதுக்கா ஓட்டினேன் மாமா? வாயால கூப்பிட்டா இவங்க வருவாங்களா?"